விளக்கு ஆடியது எப்போது, செய்தி வந்தது எப்போது?

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி. சிங்கப்பூர் நேரப்படி மாலை மணி 6.16. சுமத்திராவின் பாடாங் நகருக்கு அருகே கடலுக்கடியில் 7.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் அந்த அதிர்வை உணர்ந்தார்கள். ஆனால் 6.16க்கே உணரவில்லை. நிலநடுக்கம் நிகழ்ந்த இடம் சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கட்டடத்தை ஆட்டும் அலைகள் வினாடிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் பயணம் செய்யும். வகுத்துப் பாருங்கள். அங்கே நிலம் நடுங்கி, இங்கே கூடத்து விளக்கு ஆடத் தொடங்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

ஆக, ஒரே நிலநடுக்கத்துக்கு இரண்டு நேரங்கள் இருக்கின்றன. ஒன்று, அது நடந்த நேரம். மற்றொன்று, அது நமக்குத் தெரிந்த நேரம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் தாமதம்.

இந்தத் தாமதத்தை நீங்கள் வேறு இடத்திலும் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டில் ‘கோல்!’ என்று கத்துவார்கள். உங்கள் கைப்பேசியிலோ பந்து இன்னும் நடுத்திடலில் உருண்டுகொண்டிருக்கும். இருவரும் பார்ப்பது ஒரே ஆட்டம். ஆனால் உங்களுக்கு வந்துசேரும் படம் அரை நிமிடம் பழையதாக இருக்கலாம்.

நிலநடுக்கக் கருவிகள், பேருந்தின் இருப்பிடத்தைச் சொல்லும் கருவிகள், கடையில் அட்டையைத் தட்டும் இயந்திரங்கள் என எல்லாமே ஓயாமல் நிகழ்வுகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இந்த ஓட்டத்தைத் தரவோடை என்கிறார்கள். தரவுகளைச் சேர்த்துவைத்து இரவில் உட்கார்ந்து கணக்குப் போடாமல், வர வர உடனுக்குடன் கணக்குப் போடும் நிரல்கள் தரவோடைச் செயலிகள். அவற்றைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர்களை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்றுதான்: “இப்போது நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம்?” அவர்களில் பலர் அழகான வரைபடங்களைத் திறப்பதற்கு முன்னால் டெர்மினல் எனப்படும் கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அதை நீங்களும் வீட்டிலிருந்தே செய்து பார்க்கலாம்.

ஒரு வினாடியின் விலை

முதலில், சில வினாடிகளுக்காக ஏன் இவ்வளவு பாடு?

நிலநடுக்கம் இரண்டு வகை அலைகளை அனுப்புகிறது. முதலில் ஓடிவரும் பி அலை வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செல்லும். பெரும்பாலும் அதிகச் சேதம் செய்யாது. பின்னால் வரும் எஸ் அலை வினாடிக்கு ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் செல்லும். கட்டடங்களை உலுக்குவது அதுதான். மின்குறிப்புகளோ இரண்டையும்விடப் பல்லாயிரம் மடங்கு வேகமானவை. அதனால் கடலோரக் கருவி பி அலையைப் பிடித்த உடனே ஊருக்குள் தகவல் அனுப்பினால், எஸ் அலை வருமுன் மக்கள் மேசைக்கடியில் புகுந்துகொள்ள முடியும். ஜப்பான் வானிலை ஆய்வகம் 2007 அக்டோபர் 1 முதல் இத்தகைய முன்னெச்சரிக்கையைப் பொதுமக்களுக்கு வழங்கிவருகிறது.

2011 மார்ச் 11 அன்று தோஹோக்கு பகுதியின் கடலில் 9.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. கரையோரக் கருவி ஒன்று முதல் பி அலையைப் பிடித்ததிலிருந்து 8.6 வினாடியில் பொது எச்சரிக்கை வெளியானது. செண்டாய் நகரில் இருந்தவர்களுக்கு எஸ் அலை வர 15 வினாடிக்கும் மேல் இருந்தது. அடுப்பை அணைக்கலாம், மின்தூக்கியிலிருந்து வெளியே வரலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எச்சரிக்கை மேலும் ஒரு வினாடி தாமதமானால், அந்த வினாடியில் எஸ் அலை இன்னும் 3.5 கிலோமீட்டர் முன்னேறிவிடும். இரண்டு மூன்று எம்ஆர்டி நிலையங்களைத் தாண்டும் தூரம் அது. அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை வருவதற்குமுன் அதிர்வு வந்துவிடும்.

அந்த வினாடிகள் எங்கே போகின்றன என்று தேடினால், வியப்பான இடங்களில் கிடைக்கும். ஒரு நிலஅதிர்வுக் கருவி வினாடிக்கு 100 முறை தரையின் அசைவை அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக அனுப்பினால் செலவு அதிகம் என்பதால், கருவி அவற்றை ஒரு பொட்டலத்தில் அடுக்கி, பொட்டலம் நிறைந்ததும் அனுப்புகிறது. நிறையும்வரை முதல் அளவு சும்மா காத்திருக்கிறது. பொட்டலம் பெரியதாக இருந்தால் இதிலேயே சில வினாடிகள் போய்விடும்! வேகமான கணினி வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது. பொட்டலத்தைச் சிறியதாக்க வேண்டும், அவ்வளவுதான். முன்னெச்சரிக்கைக்குப் பயன்படும் வலையமைப்புகள் அதைத்தான் செய்தன. அதன் பிறகு கம்பி அல்லது செயற்கைக்கோள் வழிப் பயணம். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கக் கால் வினாடி ஆகும். பிறகு மையத்தில் வரிசையில் நிற்பது, கணக்கிடுவது, வெளியிடுவது.

கறுப்புத் திரையில் ஒரு சோதனை

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் உலகெங்கும் பதிவாகும் நிலநடுக்கங்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ‘கடந்த ஒரு மணி நேரம்’ என்ற பட்டியல் நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் ஓர் அடையாளக் குறியீடு, அளவு, இடம், நடந்த நேரம் ஆகியவை அதில் இருக்கும்.

நடந்த நேரம் என்ற இடத்தில் நீங்கள் பார்ப்பது ஒரு நீளமான எண். கணினிகளுக்கு நாள்காட்டி பிடிக்காது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடிகள் கடந்தன என்று எண்ணுவதே அவற்றின் வழக்கம். 2004 டிசம்பர் 26இல் சுமத்திராவின் கடலடியில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் இந்தக் கணக்கில் 1104022733ஆவது வினாடியில் நிகழ்ந்தது. சிங்கப்பூரில் எண்ணினாலும் சிலியில் எண்ணினாலும் எண் ஒன்றே. நேர வட்டாரக் குழப்பமே இல்லை. அமெரிக்கப் பட்டியல் இதை மில்லிவினாடியில் தருவதால் கடைசியில் இன்னும் மூன்று இலக்கங்கள் இருக்கும். ஆயிரத்தால் வகுக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால், நிலநடுக்கம் நடப்பதற்கு ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னதாகவே நீங்கள் அதைப் பார்த்துவிட்டதாகக் கணினி சொல்லும்.

டெர்மினலில் ‘கர்ல்’ என்ற கட்டளை இணையத்திலிருக்கும் ஒரு கோப்பை இழுத்துவந்து திரையில் கொட்டும். ‘ஜேக்யூ’ என்ற கட்டளை அந்தக் குவியலிலிருந்து உங்களுக்கு வேண்டிய விவரங்களை மட்டும் பொறுக்கித் தரும். (இதை மட்டும் தனியாகப் பதிவிறக்க வேண்டியிருக்கலாம்.) ‘டேட்’ என்ற கட்டளை இப்போதைய நேரத்தை 1970இலிருந்து எண்ணிய வினாடிகளாகவும் தரும். ‘சார்ட்’ எண்களை வரிசைப்படுத்தும். இவற்றை ஒன்றோடொன்று இணைக்க விசைப்பலகையில் ஒரு செங்குத்துக் கோடு இருக்கிறது. அதன் பெயர் ‘பைப்’, அதாவது குழாய். ஒரு கட்டளையின் வாயிலிருந்து வருவதை அடுத்த கட்டளையின் காதில் ஊற்றும் குழாய். பெல் ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராய் பல காலம் வற்புறுத்திய யோசனை இது. 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்துகாட்டினார். யோசித்துப் பார்த்தால் அந்தக் குழாய்த்தொடரே ஒரு குட்டித் தரவோடைச் செயலிதான்.

இனிச் சோதனைக்கு வருவோம். இப்போதைய நேரத்திலிருந்து நடந்த நேரத்தைக் கழித்தால் தாமதம் வந்துவிடும் என்று தோன்றும். வராது. பட்டியலில் 50 நிமிடத்துக்கு முன் நடந்த நிலநடுக்கம் இருந்தால் 50 நிமிடம் என்று விடை வரும். ஆனால் அது 45 நிமிடத்துக்கு முன்பே பட்டியலில் ஏறியிருக்கலாம். அந்த 50 நிமிடம் நிகழ்வின் வயது. நமக்கு வேண்டியது, அது முதன்முதலில் கண்ணில் பட்டபோது இருந்த வயது.

பட்டியலிலேயே ‘கடைசியாக மாற்றிய நேரம்’ என்று இன்னொரு விவரம் இருக்கிறதே, அதைக் கழித்தால் என்ன? அதுவும் பொறிதான். ஓர் ஆய்வாளர் நாளைக் காலையில் அந்தப் பதிவைச் சரிபார்த்துத் திருத்தினால் அந்த நேரம் நாளைக் காலைக்கு மாறிவிடும்.

நேர்மையான வழி கொஞ்சம் மெனக்கெடும் வழி. நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியலை இழுத்து வாருங்கள். பார்த்த அடையாளக் குறியீடுகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். இதுவரை பார்த்திராத குறியீடு வந்தால் மட்டும், இப்போதைய நேரத்திலிருந்து அது நடந்த நேரத்தைக் கழித்து, விடையை இன்னொரு கோப்பில் ஒரு வரியாகச் சேருங்கள். முதல் முறை ஓட்டும்போது எல்லாமே புதியவையாகத் தெரியும் என்பதால் அந்த முதல் விடைகளை எறிந்துவிட வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் இழுப்பதில் பயனில்லை. பட்டியல் அதைவிட வேகமாக மாறாது, இலவசமாகத் தருபவர்களைத் தொல்லை செய்வதும் முறையல்ல.

நீங்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறீர்கள் என்பதால் உங்கள் அளவிலேயே ஒரு நிமிடம்வரை பிழை இருக்கும். பட்டியல் புதுப்பிக்கப்படும் இடைவெளி இன்னொரு நிமிடம். ஆகவே ‘183 வினாடி’ என்று விடை வந்தால் அதிலுள்ள 3ஐ நம்பாதீர்கள். அளவுகோலில் மில்லிமீட்டர் கோடுகள் இல்லையென்றால் மில்லிமீட்டரில் விடை எழுதக்கூடாது என்று இயற்பியல் ஆசிரியர் சொல்வாரே, அதே கதைதான்.

ஒருநாள் முழுவதும் ஓடவிட்டால் ஒன்று புலப்படும். கருவிகள் நெருக்கமாக இருக்கும் கலிஃபோர்னியா போன்ற இடங்களின் நிலநடுக்கங்கள் விரைவாகப் பட்டியலில் ஏறும். நடுக்கடலில் நடந்தவை அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து அலைகள் தொலைவிலுள்ள கருவிகளை வந்தடையவே நிமிடங்கள் ஆகும். எந்த நிரலாளராலும் குறைக்க முடியாத தாமதம் அது.

சராசரி சொல்லும் பொய்

கோப்பில் பத்து வரிகள் சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். விடைகள் வினாடியில்: 150, 160, 170, 180, 180, 190, 200, 210, 220, 2340. (புரிவதற்காக நான் எழுதிய எண்கள், பட்டியலிலிருந்து எடுத்தவையல்ல.) கூட்டினால் 4000. சராசரி 400 வினாடி.

இப்போது அந்தப் பத்து எண்களை மறுபடியும் பாருங்கள். 400க்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஒன்பது நிகழ்வுகள் நான்கு நிமிடத்துக்குள் வந்துவிட்டன. ஒன்று 39 நிமிடம் கழித்து வந்தது. யாருக்கும் நேராத ஒன்றைச் சராசரி சொல்கிறது.

அதனால் பொறியாளர்கள் வரிசைப்படுத்திவிட்டு நடுவில் இருப்பதைப் பார்க்கிறார்கள்; இங்கே 185. பிறகு வால் பகுதியைப் பார்க்கிறார்கள்: நூற்றில் 95 நிகழ்வுகள் எத்தனை வினாடிக்குள் வந்தன? 99 நிகழ்வுகள்? ‘சார்ட்’ கட்டளையால் வரிசைப்படுத்தி, கடைசிச் சில வரிகளை மட்டும் காட்டும் ‘டெய்ல்’ கட்டளைக்குக் குழாய் போட்டால் வால் கண்முன் வந்துவிடும். எனக்குக் கேட்டால், சராசரியைத் திரையில் காட்டாமலே விட்டுவிடலாம் என்பேன்.

நூற்றில் ஒன்றுதானே தாமதம், போகட்டும் என்று நினைக்கிறீர்களா? ஒரு நிலநடுக்கத்தின் இடத்தைக் கணக்கிட நான்கு கருவிகளின் தகவல் வேண்டும் என்றும், ஒவ்வொரு கருவியும் நூற்றில் ஒருமுறை தாமதிக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் நேரத்துக்கு வர வாய்ப்பு 0.99ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது. ஆக, ஏறத்தாழ நூற்றில் நான்கு முறை ஏதோ ஒன்று தாமதிக்கும். 50 கருவிகளுக்காகக் காத்திருந்தால் அது 39 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 100 என்றால் 63 விழுக்காடு! கூகளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய கட்டுரையில், நூறு கணினிகளிடம் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும் தேடல் சேவைக்கு இதே கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். கணிதப் பாடத்து நிகழ்தகவு இங்கே சோறு போடுகிறது.

வரிசையில் எத்தனை பேர்?

பெரிய தரவோடைகளில் நிகழ்வுகளை அனுப்புபவருக்கும் படிப்பவருக்கும் நடுவே ஓர் ஏடு இருக்கும். அந்த ஏட்டை நடத்த உலகில் பரவலாகப் பயன்படும் மென்பொருள் காஃப்கா. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவின் பெயரைத்தான் வைத்தார்கள். வரும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் வரிசை எண் கொடுத்து ஏட்டின் கடைசியில் எழுதுவது அதன் வேலை.

பலதுறை மருந்தகத்தில் எண் சீட்டு வாங்குவதைப் போன்றது இது. உங்கள் சீட்டில் 5120. திரையில் ஒளிரும் எண் 4820. நடுவில் 300 பேர். காஃப்காவோடு வரும் ஒரு கட்டளையை டெர்மினலில் இட்டால் இதே மூன்று எண்களைப் பத்தி பத்தியாகக் காட்டும்: கடைசியாகப் படித்த எண், கடைசியாக எழுதிய எண், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு ‘லேக்’ என்று பெயர்.

300 என்பது அதிகமா? அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. படிப்பவர் வினாடிக்கு 100 நிகழ்வுகளை முடிக்கிறார் என்றால், இப்போது வந்து சேரும் நிகழ்வு 3 வினாடி காத்திருக்கும். அதே 300, நிமிடத்துக்கு ஒரு நிகழ்வு மட்டுமே வரும் ஏட்டில் தேங்கியிருந்தால், படிக்காமல் கிடக்கும் முதல் நிகழ்வு 5 மணி நேரம் பழையது. பழக்கப்பட்டவர்கள் எண்ணைவிட அதன் திசையைக் கவனிப்பார்கள். வினாடிக்கு 90 வந்து 100 முடிந்தால், தேங்கிய 300 அரை நிமிடத்தில் கரைந்துவிடும். 110 வந்து 100 முடிந்தால் வரிசை வினாடிக்கு 10 வீதம் வளர்ந்துகொண்டே போகும். அப்போது ‘கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பது வீண்.

வரிசையில் காத்திருந்த நேரம் வேறு, நிகழ்வின் மொத்தத் தாமதம் வேறு என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு நிகழ்வுக்கு நடந்த நேரம், அனுப்பிய நேரம், ஏட்டில் எழுதிய நேரம் என்று மூன்று இருக்கலாம். ஏட்டில் எழுதிய நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கினால், அதற்கு முன் கருவியின் பொட்டலத்தில் தூங்கிய வினாடிகள் கணக்கிலேயே வராது. தாமதம் மிகக் குறைவு என்று யாராவது பெருமைப்பட்டால், ‘எந்த நேரத்திலிருந்து எண்ணினீர்கள்?’ என்று கேளுங்கள்.

பெர்லினில் பிறந்த ஃபிளிங்க் என்ற தரவோடைச் செயலி வேறோர் உத்தியைக் கையாளுகிறது. அதன் பெயருக்கு ஜெர்மன் மொழியில் சுறுசுறுப்பு என்று பொருள், சின்னம் அணில். நேரம் குறித்த ஒரு சிறு குறிப்பை ஓடையின் தொடக்கத்தில் அவ்வப்போது போட்டுவிடும். மழைநீர்க் கால்வாயில் காகிதக் கப்பலை விட்டு, மறுமுனையில் எப்போது வருகிறது என்று பார்ப்பது போல. அந்தக் குறிப்பு மற்ற நிகழ்வுகளோடு வரிசையில் நின்று வரும். ஆனால் கணக்குப் போடும் இடங்களில் உள்ளே நுழையாமல் ஓரமாகக் கடந்துவிடும். அதனால் வரிசையில் நின்ற நேரத்தைச் சரியாகச் சொல்லும். கணக்குப் போட ஆகும் நேரத்தைச் சொல்லாது.

பேருந்தை எப்போது கிளப்புவது?

விலங்குத் தோட்டத்துக்குப் பள்ளிச் சுற்றுலா. எட்டு மணிக்குப் பேருந்து கிளம்ப வேண்டும். இரண்டு மாணவர்கள் இன்னும் வரவில்லை. ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? உடனே கிளம்பினால் அவர்கள் விடுபடுவார்கள். எல்லாரும் வந்தபிறகுதான் கிளம்புவது என்றால், ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தால் பேருந்து கிளம்பவே கிளம்பாது.

தரவோடைச் செயலிக்கும் இதே சங்கடம். ‘8 மணி முதல் 8.01 வரை நடந்த நிகழ்வுகளின் கணக்கு’ என்று கேட்டால், 8.01க்குப் பிறகும் வழியில் மாட்டிக்கொண்ட சில நிகழ்வுகள் வந்துகொண்டிருக்கும். ‘இந்த நேரம்வரை நடந்தவை அநேகமாக எல்லாம் வந்துவிட்டன’ என்று செயலி ஒரு கோடு போட்டுக் கதவைச் சாத்துகிறது. சீக்கிரம் சாத்தினால் விரைவான, ஆனால் குறையுள்ள விடை. தாமதமாகச் சாத்தினால் முழுமையான, ஆனால் பழைய விடை.

தோஹோக்குவில் நடந்ததும் இதுதான். 8.6 வினாடியில் எச்சரித்தபோது நிலநடுக்கத்தின் அளவு 7.2 என்று மதிப்பிடப்பட்டது. உண்மையான அளவு 9.0. மதிப்பிட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. பாறை பிளந்து முடிய இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆனது. நடந்து முடியாத ஒன்றின் அளவை யாரால் சொல்ல முடியும்? குறைவான அந்த மதிப்பீட்டால், தோக்கியோவை உள்ளடக்கிய கந்தோ வட்டாரத்துக்கு அப்போது பொது எச்சரிக்கை போகவில்லை. அங்கும் பலத்த அதிர்வு ஏற்பட்டது. ஆனாலும் முழுத் தகவலுக்காகக் காத்திருந்திருந்தால் செண்டாய்க்குக் கிடைத்த வினாடிகளும் கிடைத்திருக்காது. விரைவாக ஒரு விடை சொல்லிவிட்டு, தகவல் வர வரத் திருத்திக்கொண்டே போவதுதான் ஆய்வகத்தின் முறை.

நேரம் தவறும் கடிகாரம், பேசாத ஓடை

உங்கள் சோதனையில் ஒருநாள் தாமதம் ‘மைனஸ் 4 வினாடி’ என்று வரலாம். நடப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டதா? இல்லை. உங்கள் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. தாமதம் என்பது இரண்டு கடிகாரங்களின் வித்தியாசம். இரண்டில் எது தவறினாலும் விடை தவறும். நிலஅதிர்வுக் கருவிகள் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கின்றன. கணினிகள் இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் முறையை டேவிட் மில்ஸ் 1980களில் உருவாக்கினார். மைனஸ் விடை வந்தால் அழித்துவிடாதீர்கள். 4 வினாடி பின்தங்கிய கடிகாரம் 180 வினாடியை 176 என்று காட்டும்போது உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. மைனஸ்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இதைவிடக் கள்ளத்தனமான சிக்கல் ஒன்று உண்டு. ஓடை முழுவதுமாக நின்றுபோனால் என்ன ஆகும்? புதிய நிகழ்வே வராது. புதிய நிகழ்வு வராவிட்டால் தாமதமான நிகழ்வும் வராது. உங்கள் கோப்பில் கடைசியாக எழுதியவை எல்லாம் நல்ல எண்கள். திரையைப் பார்ப்பவர் ‘எல்லாம் சுகம்’ என்று தேநீர் குடிக்கப் போவார்.

அதனால் கடைசி நிகழ்வு வந்து எவ்வளவு நேரமாகிறது என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். நிலநடுக்கப் பட்டியலில் இதற்கு வசதியான ஒரு விவரம் இருக்கிறது. கோப்பின் தலைப்பகுதியிலேயே ‘இந்தப் பட்டியல் உருவாக்கப்பட்ட நேரம்’ எழுதப்பட்டிருக்கும். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழியுங்கள். ஓரிரு நிமிடம் என்றால், பூமிதான் அமைதியாக இருக்கிறது. இருபது நிமிடம் என்றால், பூமியைப் பற்றி உங்களுக்கு எதுவுமே தெரியவில்லை.

குழாயின் கடைசி முனை

முன்னே சொன்ன அந்த 1104022733ஆவது வினாடிக்குத் திரும்புவோம். 2004 டிசம்பர் 26, மலேசிய நேரப்படி காலை 8.58 மணி. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் 15 நிமிடத்தில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. அளவு 8.0 என்றது; உண்மையில் 9.1. இருந்தாலும், உலகின் மறுபக்கத்தில் நடந்த நிலநடுக்கத்துக்கு 15 நிமிடம் என்பது அன்றைய நிலையில் மோசமான தாமதமல்ல. கருவிகள் பிடித்தன, தகவல் பயணம் செய்தது, கணினிகள் கணக்கிட்டன.

பேரலைகள் பினாங்குக் கடற்கரைகளை அடைய மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆனது. விடுமுறை நாள், ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையில் குடும்பங்கள் இருந்தன. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தார்கள். அந்த அறிக்கை பசிபிக் நாடுகளுக்காக எழுதப்பட்டது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. கருவியிலிருந்து ஹவாய்வரை நீண்டிருந்த குழாய், அங்கிருந்து பினாங்கில் மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைவரை நீளவில்லை. ஹவாயில் ஒருவர் டெர்மினலைத் திறந்து அளந்திருந்தால் தாமதம் 15 நிமிடம் என்றே காட்டியிருக்கும்.

அதன்பிறகு மலேசியா தனக்கென ஒரு சுனாமி முன்னெச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது. கடற்கரைகளில் அபாயச் சங்குகளும் நிறுவப்பட்டன. இத்தகைய அமைப்புகளை அளப்பவர்கள் இப்போது கருவியிலிருந்து தொடங்கி, சங்கு ஒலிக்கும் நேரம்வரை எண்ணுகிறார்கள். சங்கு ஒலித்தபின் மக்கள் நடக்கத் தொடங்க எவ்வளவு நேரமாகிறது என்பதைப் பயிற்சி ஒத்திகைகளில் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். அதற்கு எந்தக் கட்டளையும் இல்லை.

சுமத்திராவில் மறுபடியும் நிலம் நடுங்கும். உங்கள் வீட்டு விளக்கு ஆடக்கூடும். முதலில் மேசைக்கடியில் போங்கள், கண்ணாடிச் சன்னலிலிருந்து தள்ளியிருங்கள். ஆட்டம் நின்றபின், அது தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் குறித்துவைத்துவிட்டு, கணினியைத் திறந்து பட்டியலைப் பாருங்கள். முதலில் வந்தது விளக்கா, பட்டியலா என்று கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் விளக்கின் பக்கம்.